ஒட்டு மருந்து

1986-ஆம் வருஷம் சென்னையிலிருந்து வேலூருக்குச் சில ரத்தக் குப்பிகள் போய்ச் சேர்ந்தன. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த நிர்மலா என்ற மாணவி அலைந்து திரிந்து சேகரித்த ரத்தம் அது. அந்த வேலையை அவரிடம் ஒப்படைத்தவர் அவருடைய ஆசிரியை டாக்டர் சுனிதி சாலமன். அமெரிக்காவில் எய்ட்ஸ் என்ற புது வியாதி தலைகாட்டி அப்போது ஐந்து வருஷம் ஆகியிருந்தது. நம் தேசத்தில் அது கிடையாது, வரவும் வராது, நம்முடைய ஒழுக்கமும் குடும்ப வாழ்க்கையும் அதற்கு இடம் கொடா என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம். நம்பிக்கை வேறு, சோதனை வேறு என்று நினைத்தவர்கள் இந்த இரண்டு பெண்மணிகள். சென்னையில் அந்தச் சோதனைக்கு வசதி இல்லை. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. அங்கே சோதனைத் தட்டில் ஆறு குழிகள் மஞ்சளாக மாறின. ஆறும் உடலை விற்றுப் பிழைக்கும் நிலைக்குத் தள்ளப்பட்ட ஏழைப் பெண்களின் ரத்தம். இந்தியாவுக்கு எய்ட்ஸ் வந்துவிட்டது என்று அந்த மஞ்சள் நிறம் அறிவித்தது.

அந்த மஞ்சள் நிறத்தைப் பற்றித்தான் நான் கொஞ்சம் பேச விரும்புகிறேன். எதைக் கண்டு அது மஞ்சளாயிற்று? வியாதிக் கிருமியைக் கண்டா? இல்லை. அந்தச் சோதனைக்குக் கிருமி அகப்படாது. கிருமியை எதிர்த்து உடம்பு தயாரித்த எதிர்ப்பொருள்தான் அகப்படும். ஆங்கிலத்தில் ஆன்டிபாடி என்கிறார்களே, அது. அம்மை வந்து எழுந்தவன் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால், "இனி உனக்குப் பயமில்லை" என்று அர்த்தம். யுத்தத்தில் ஜயித்தவன் மார்பில் தொங்கும் பதக்கம் அது. இந்த ஒரு வியாதியிலோ எதிர்ப்பொருள் இருப்பது மரண ஓலையாக வாசிக்கப்பட்டது. உடம்பு போராடியிருக்கிறது, ஆயுதம் செய்திருக்கிறது, ஆனாலும் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

காவற்காரன் விழித்திருக்கும்போதே வீடு கொள்ளை போகிறது என்றால், குறை காவற்காரனிடமா, அவன் கையிலுள்ள தடியிலா? தடியில் என்றால், வேறு தடி செய்து கொடுக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடிய கதை ஒன்று உண்டு. நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். விஞ்ஞானத்தில் எனக்குள்ள பயிற்சி கல்லூரியில் கழித்த இரண்டு வருஷத்தோடு சரி. ஆனால் தோற்றவர்களின் கதையில் எனக்கு எப்போதும் ஒரு பிரியம் உண்டு. இது ஒரு தோல்வியின் கதை. அதனாலேயே சொல்லத் தகுந்தது என்று நினைக்கிறேன்.

கதை தொடங்குவது பெர்லின் நகரத்தில், 1890-ஆம் வருஷத்தில். ராபர்ட் கோக்கின் ஆராய்ச்சிக்கூடத்தில் எமில் பெஹ்ரிங் என்ற ஜெர்மானியரும் கிடஸாடோ என்ற ஜப்பானியரும் சேர்ந்து வேலை செய்தார்கள். டெட்டனஸ் என்னும் ரண ஜன்னிக்கும், டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பானுக்கும் காரணமான விஷத்தை மிருகங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினார்கள். பழகிய மிருகத்தின் ரத்தத்திலிருந்து ஊனீரை, அதாவது ஸீரத்தை, எடுத்து வேறொரு மிருகத்துக்குச் செலுத்தினார்கள். இரண்டாவது மிருகத்தை விஷம் ஒன்றும் செய்யவில்லை. ஓர் உடம்பு கற்ற பாடத்தை இன்னோர் உடம்புக்குக் கடன் கொடுக்கலாம் என்று அன்று உலகத்துக்குத் தெரிந்தது. 1901-இல் வைத்தியத்துக்கான முதல் நோபல் பரிசே இதற்குத்தான் கிடைத்தது. பரிசு பெஹ்ரிங்குக்கு மட்டும். கிடஸாடோவின் பெயர் அதில் இல்லை.

கடன் கொடுத்தவை பெரும்பாலும் குதிரைகள். லாயம் லாயமாகக் குதிரைகளைக் கட்டி வைத்து, விஷம் பழக்கி, ரத்தம் எடுத்து, ஸீரம் பிரித்தார்கள். தொண்டை அடைத்துச் சாக இருந்த குழந்தைகள் பிழைத்தார்கள். ஆனால் கடன் வாங்கிய சரக்கில் அபாயமும் இருந்தது. பெஹ்ரிங் பரிசு வாங்கிய அதே 1901-இல், அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஜிம் என்ற குதிரைக்கு ரண ஜன்னி கண்டது. முன்பு பால் வண்டி இழுத்த குதிரை அது. அதன் ஸீரத்தைச் சரியாகச் சோதிக்காமல் கொடுத்துவிட்டதால் 13 குழந்தைகள் இறந்தன. மறு வருஷமே இப்படிப்பட்ட மருந்துகளைக் கண்காணிக்க அங்கே சட்டம் வந்தது. சுத்தமான ஸீரமும்கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் ஜுரமும் தடிப்பும் மூட்டு வலியும் வந்தன. மனித உடம்பு குதிரையின் புரதத்தை அந்நியன் என்று கண்டுகொண்டது.

கடன் வாங்குவதை விட்டுவிட்டு நாமே செய்துகொள்ள வேண்டுமானால், பொருளின் அமைப்புத் தெரிய வேண்டும். எதிர்ப்பொருளின் அமைப்பைக் காட்டிக் கொடுத்தது ஒரு பப்பாளிக்காய் என்றால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். கறி சீக்கிரம் வேக வேண்டும் என்று நம் வீட்டுப் பெண்கள் பச்சைப் பப்பாளித் துண்டு ஒன்றைப் போடுவார்கள். அதன் பாலில் உள்ள சத்து மாமிசத்தின் நாரை அறுத்துவிடும். பபெய்ன் என்று அதற்குப் பெயர். இங்கிலாந்தில் ராட்னி போர்ட்டர் என்ற விஞ்ஞானி, முயலின் எதிர்ப்பொருளில் பபெய்னைச் சேர்த்துப் பார்த்து 1959-இல் முடிவை வெளியிட்டார். எதிர்ப்பொருள் ஒழுங்காக மூன்று துண்டாக அறுந்தது. இரண்டு துண்டுகள் ஒரே மாதிரி. எதிரியைப் பிடிக்கும் கைகள் அவைதாம். மூன்றாவது துண்டு எதையும் பிடிக்கவில்லை. அது பளிங்குபோல் உறைந்தது. அதை வால் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கில ஒய் எழுத்தைப்போல், மேலே இரண்டு கை, கீழே ஒரு வால். பிடிப்பது கையின் வேலை. பிடிபட்டவனைத் தின்னும்படி மற்றச் செல்களைக் கூவி அழைப்பதும், ரத்தத்தில் வாரக்கணக்காகக் கரையாமல் தங்குவதும் வாலின் வேலை. போர்ட்டரும், அமெரிக்காவில் வேறு வழியில் இதே கேள்வியைத் தொடர்ந்த எடல்மனும் 1972-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

கையும் வாலும் தனித்தனி வேலைக்காரர்கள் என்று தெரிந்த பிறகு, புத்தியுள்ளவன் மனத்தில் ஓர் ஆசை எழாமல் இருக்குமா? இந்த வாலில் வேறு கையை ஒட்டினால் என்ன? நாட்டு மாஞ்செடியின் வேரில் மல்கோவாக் கிளையை ஒட்டுகிறோம். வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது, கிளை நாம் விரும்பிய பழத்தைத் தருகிறது. அதைப்போல.

முதல் ஒட்டு செல்களில் நடந்தது. 1975-இல் கேம்பிரிட்ஜில், அர்ஜென்டினாவிலிருந்து அரசியல் தொல்லையால் வெளியேறி வந்த ஸீசர் மில்ஸ்டைனும், அவரிடம் வேலை செய்ய வந்த இளைஞர் ஜார்ஜ் கோலரும், எதிர்ப்பொருள் செய்யத் தெரிந்த எலிச் செல்லையும் சாகத் தெரியாத புற்றுநோய்ச் செல்லையும் ஒன்றாக இணைத்தார்கள். பிறந்த கலப்புச் செல், ஒரே மாதிரியான எதிர்ப்பொருளைத் தயாரித்துக்கொண்டே இருந்தது. குதிரை லாயங்களுக்குப் பதில் கண்ணாடிக் கிண்ணங்கள் வந்தன. அந்த முறைக்கு அவர்கள் உரிமப் பத்திரம் எதுவும் வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று உலகத்துக்குக் கிடைத்துவிட்டது. 1984-இல் இருவருக்கும் நோபல் பரிசு. எலியின் எதிர்ப்பொருளையும் மனித உடம்பு அந்நியன் என்று தள்ளவே, 1980-களில் எலியின் கையை மனித வாலில் ஜீன் அளவிலேயே ஒட்டக் கற்றுக்கொண்டார்கள். ஒட்டுக் கத்தி கூர்மையாகிவிட்டது.

இந்தக் கத்தி தயாராகிக்கொண்டிருந்த அதே நாட்களில் வியாதி வந்து சேர்ந்தது. 1981 ஜூன் மாதம் அமெரிக்க அரசாங்கத்தின் சுகாதார வாரப் பத்திரிகையில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஐந்து இளைஞர்களுக்கு விசித்திரமான நிமோனியா கண்டிருப்பதாக ஒரு சிறு குறிப்பு வெளியாயிற்று. 1983-இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் பிரான்ஸ்வா பாரே-ஸினூஸி என்ற பெண்மணியும் லூக் மான்டன்யேயும் வைரஸைப் பிரித்துக் காட்டினார்கள். பிற்பாடு அதற்கு எச்.ஐ.வி. என்று பெயர் வந்தது. 1984-இல் லண்டனிலும் பாரிஸிலும் இரண்டு கோஷ்டியார், அந்த வைரஸ் உடம்பின் எந்த வாசல் வழியாக நுழைகிறது என்று தனித்தனியே கண்டுபிடித்தார்கள். வாசலின் பெயர் சி.டி.4. ரத்தத்தில் மற்றக் காவற்காரர்களுக்கெல்லாம் உத்தரவு கொடுக்கும் ஒரு ஜாதி வெள்ளைச் செல்லின் மேல் அது இருக்கிறது. திருடன் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே, அதுவும் இன்ஸ்பெக்டரின் அறை வழியாகவே நுழைகிறான். வியாதியின் குரூரம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

உடம்பு செய்யும் எதிர்ப்பொருள் இவனிடம் ஏன் தோற்கிறது? புராணத்தில் ரத்தபீஜன் கதை நமக்குத் தெரியும். சிந்திய ஒவ்வொரு துளி ரத்தத்திலிருந்தும் இன்னோர் அசுரன் எழுவான். எச்.ஐ.வி. அவனையும் மிஞ்சியது. ரத்தபீஜனின் பிள்ளைகள் அவன் முகத்தோடேயே பிறந்தார்கள். இதன் பிள்ளைகளோ முகம் மாறிப் பிறக்கின்றன. பழைய முகத்துக்காக வார்த்த ஆயுதம் புது முகத்துக்குப் பொருந்தாது. உடம்பு மறுபடி வார்க்கும். அதற்குள் முகம் மறுபடி மாறிவிடும்.

ஆனால் எத்தனை முகம் மாறினாலும் ஒன்றை மட்டும் அவன் மாற்ற முடியாது. கையிலுள்ள சாவி சி.டி.4 என்ற பூட்டுக்குப் பொருந்தியே ஆக வேண்டும். பொருந்தாவிட்டால் உள்ளே போக முடியாது, வம்சம் வளராது. இங்கேதான் ஓர் அழகான யோசனை பிறந்தது. பாரத யுத்தம் முடிந்ததும் திருதராஷ்டிரன் பீமனைத் தழுவிக்கொள்ள வேண்டும் என்றான். அவன் மனத்தில் இருந்ததை அறிந்த கண்ணன் பீமனை விலக்கிவிட்டு, இரும்புப் பதுமையை முன்னே நகர்த்தினான். கிழவன் பதுமையைத் தழுவி நொறுக்கினான், பீமன் பிழைத்தான். வைரஸுக்கும் ஒரு பதுமை செய்தால் என்ன? சி.டி.4 வாசலை மட்டும் செல்லிலிருந்து தனியே பெயர்த்து, ரத்தத்தில் ஏராளமாக மிதக்க விட்டால், வைரஸ் பொய் வாசலைத் தழுவிக்கொண்டு நிஜ வாசலை விட்டுவிடும் அல்லவா? பதுமைக்குத் தப்ப வேண்டுமென்று தன் சாவியை மாற்றிக்கொண்டானானால், பீமனையும் அவனால் தழுவ முடியாது. தப்பிக்க வழியே இல்லாத பொறி!

1987, 1988-இல் பல ஆராய்ச்சிக்கூடங்கள் இந்தப் பொய் வாசலைச் செய்துவிட்டன. கண்ணாடிக் குழாயில் வைரஸ் அழகாக ஏமாந்தது. ஒரே குறை, தனி வாசல் ரத்தத்தில் தங்கவில்லை. மிகச் சிறியதாகையால் விரைவிலேயே வெளியேறிவிட்டது. அப்போதுதான் ஒட்டுக் கத்தி உபயோகப்பட்டது. கலிபோர்னியாவில் ஜெனென்டெக் கம்பெனியில் டேனியல் கேப்பனும் கூட்டாளிகளும் எதிர்ப்பொருளின் இரண்டு கைகளையும் வெட்டி எறிந்துவிட்டு, நெடுநாள் தங்கும் வாலோடு சி.டி.4 வாசலை ஒட்டினார்கள். இயற்கை ஒருகாலும் செய்யாத ஒரு பிராணியைப்போல, பாதி பூட்டு, பாதி எதிர்ப்பொருள். 1989-இல் அந்தச் செய்தி 'நேச்சர்' பத்திரிகையில் வந்தது. அப்போது எய்ட்ஸுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரே வைரஸ் மருந்து 1987-இல் வந்த ஏ.இஸட்.டி. மாத்திரைதான். அதுவும் கொஞ்ச நாளில் பலனிழந்து போகும். ஆஸ்பத்திரிகளில் இருபத்தைந்து, முப்பது வயதுப் பிள்ளைகள் எலும்பும் தோலுமாகக் கிடந்தார்கள். அவர்களுக்கு இந்த ஒட்டு மருந்து எப்படித் தோன்றியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். கெடுதல் எதுவும் செய்யவில்லை. நல்லதும் செய்யவில்லை. வைரஸ் குறையவே இல்லை.

ஏன்? 1990-இல் டேவிட் ஹோவும் கூட்டாளிகளும் விடை சொன்னார்கள். எல்லோரும் அதுவரை சோதித்த வைரஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் நெடுநாள் வளர்ந்த வைரஸ். கூண்டிலே பிறந்து கூண்டிலே வளர்ந்த புலி மாதிரி, அது சாதுவாகிவிட்டிருந்தது. ஹோவின் கோஷ்டியார் நோயாளியின் ரத்தத்திலிருந்து நேரே எடுத்த வைரஸைச் சோதித்தார்கள். அதைத் தடுக்க, கூண்டுப் புலிக்குத் தேவைப்பட்டதைப்போல் 200 மடங்கு முதல் 2,700 மடங்கு வரை மருந்து வேண்டியிருந்தது. காட்டுப் புலி தன் சாவியை மடக்கி உள்ளங்கையில் மறைத்து வைத்திருக்கிறது. நிஜ வாசலுக்கு நேரே வந்தபிறகுதான் நீட்டுகிறது. பொய் வாசல் அதற்கு அவ்வளவு எளிதில் அகப்படுமா?

அந்தக் கட்டுரை எத்தனை பேருடைய உழைப்பின்மேல், எத்தனை பேருடைய ஆசையின்மேல் மண்ணைப் போட்டிருக்கும்! ஆனாலும் எழுதினார்கள், அச்சிட்டார்கள். இந்தச் சரித்திரத்தில் என் மனத்தைக் கவர்ந்த இடம் இதுதான். ஒட்டு யோசனையைச் சொன்ன புத்தியைவிட, "இது நோயாளியிடம் பலிக்கவில்லை, காரணம் இது" என்று கணக்குக் காட்டிய நேர்மை பெரிது. பின்னால் வந்த நன்மையெல்லாம் அந்த நேர்மையிலிருந்து கிளைத்ததுதான்.

நன்மை முதலில் எதிர்பாராத மரங்களில் பழுத்தது. உடம்புக்குள் நுழையும் ஒரு விஷமியைப் பொய் வாசல் காட்டி ஏமாற்றலாம் என்ற யோசனையும், எதிர்ப்பொருளின் வாலில் அந்த வாசலை ஒட்டும் வித்தையும் மற்ற வியாதிகளுக்குப் பொருந்தின. மூட்டுகளை வீங்க வைக்கும் டி.என்.எஃப். என்ற பொருளுக்கு ஒரு பொய் வாசல் செய்து வாலில் ஒட்டினார்கள். எட்டானர்செப்ட் என்ற அந்த மருந்து 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கைவிரல் மடக்க முடியாமல் கிடந்த முடக்குவாத நோயாளிகள் சட்டைப் பித்தானைத் தாமே போட்டுக்கொண்டார்கள். முதுமையில் விழித்திரையில் வேண்டாத ரத்தக் குழாய்கள் முளைத்துப் பார்வை போவதைத் தடுக்கும் அஃப்ளிபெர்செப்ட் 2011-இல் வந்தது. அதுவும் இதே ஜாதி ஒட்டுதான். எய்ட்ஸ் நோயாளிக்காக முயன்ற வித்தை வேறு யார் யாருடைய மூட்டையோ கண்ணையோ காப்பாற்றியது. நட்டவன் ஒருவன், நிழலில் உட்கார்ந்தவன் வேறொருவன்.

எய்ட்ஸ் நோயாளிகளை எது காப்பாற்றியது? மாத்திரைகள். 1996-இல் மூன்று மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்ததும் சாவு குறைந்தது. ஆனால் வருஷத்துக்குப் பதினாயிரம் டாலருக்கு மேல் விலை. சாவு குறைந்தது பணம் உள்ள தேசங்களில்தான். 2001-இல் நம் பம்பாய் சிப்ளா கம்பெனி, அதே மருந்தை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று முன்வந்தது. உலகம் அதிர்ந்தது. 2004 ஏப்ரலில் இந்திய அரசாங்கம் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. 1986-இல் வேலூரில் மஞ்சள் நிறம் தோன்றியதற்கும் இதற்கும் இடையே பதினெட்டு வருஷம்.

அப்படியானால் ஒட்டு மருந்துக்கு இனி என்ன வேலை என்று கேட்கலாம். மாத்திரை வைரஸைத் தூங்க வைக்கிறது, கொல்வதில்லை. நிறுத்தினால் விழித்துக்கொள்ளும். ஆயுள் பூராவும் தவறாமல் சாப்பிட வேண்டும். உலகத்தில் இன்று சுமார் 4 கோடிப் பேர் இந்த வைரஸோடு வாழ்கிறார்கள். இறந்தவர்கள் 4 கோடிக்கும் அதிகம். மாத்திரைப் புட்டியை மாமியார் கண்ணில் படாமல் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்க வேண்டிய மருமகளுக்கு, தினமும் என்ற சொல் எத்தனை பாரம் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். எப்போதோ ஒரு முறை ஊசி, அதோடு நிம்மதி என்றால் அது அவளுக்கு மோட்சம்.

ஆகவே பழைய பதுமையைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தவர்கள் அதை மறுபடி கையில் எடுத்தார்கள். 1996-இல் ஒரு புது விஷயம் தெரிந்திருந்தது. சி.டி.4 வெளிவாசல்தான். உள்ளே ஸி.ஸி.ஆர்.5 என்று இன்னொரு தாழ்ப்பாள் இருக்கிறது. இரண்டையும் திறந்தால்தான் வைரஸ் நுழையும். பிறவியிலேயே இந்தத் தாழ்ப்பாள் இல்லாதவர்கள் சிலர் உண்டு. அப்படிப்பட்ட ஒருவருடைய எலும்பு மஜ்ஜைச் செல்களை 2007-இல் பெர்லினில் பெற்றுக்கொண்ட டிமதி பிரவுன் என்ற நோயாளி, எச்.ஐ.வி.யிலிருந்து முற்றிலும் விடுபட்ட முதல் மனிதரானார். மைக்கேல் ஃபர்ஸான் என்ற விஞ்ஞானியும் சகாக்களும் 1999-இல், அந்தத் தாழ்ப்பாளின் நுனியில் கந்தகம் ஏறிய ஒரு பகுதி இருப்பதையும், வைரஸ் பிடிப்பது அதைத்தான் என்பதையும் கண்டார்கள்.

பழைய பதுமையின் குறை இப்போது விளங்கிற்று. வைரஸ் பொய் வாசலைத் தொட்டதும் தன் இரண்டாவது சாவியை நீட்டும். பொய் வாசல் போதாத அளவில் இருந்தால், நீட்டிய சாவியோடு அது நிஜச் செல்லை இன்னும் சுலபமாகத் திறந்துவிடவும் கூடும். பதுமையே எதிரிக்குத் துணை போவது என்பது இதுதான். ஃபர்ஸானின் கோஷ்டியார் பதுமைக்கு இன்னோர் ஒட்டுப் போட்டார்கள். சி.டி.4 வாசல், எதிர்ப்பொருளின் வால், அதன் கடைசியில் ஸி.ஸி.ஆர்.5 தாழ்ப்பாளைப்போல நடிக்கும் ஒரு சிறு துணுக்கு. வைரஸ் வாசலைத் தொட்டு இரண்டாவது சாவியை நீட்டியதும் அந்தத் துணுக்கு அதையும் கவ்விக்கொள்ளும். இ.சி.டி.4-ஐ.ஜி. என்று அதற்குப் பெயர். கூண்டுப் புலி, காட்டுப் புலி என்ற வித்தியாசம் இல்லாமல், சோதித்த ரகங்களையெல்லாம் அது தடுத்தது. மருந்தாகக் கொடுப்பதற்குப் பதில், அதைச் செய்யும் ஜீனையே சாதுவான வேறொரு வைரஸில் ஏற்றி நான்கு குரங்குகளின் தசைக்குள் அனுப்பினார்கள். குரங்கின் தசையே மருந்துத் தொழிற்சாலையாயிற்று. நாற்பது வாரத்துக்கு மேல் மருந்து ரத்தத்தில் ஊறிக்கொண்டிருந்தது. எச்.ஐ.வி.யின் அம்சம் கலந்த குரங்கு வைரஸை மறுபடி மறுபடி செலுத்திப் பார்த்தார்கள். மருந்து இல்லாத குரங்குகள் எல்லாவற்றுக்கும் வியாதி ஒட்டியது. இந்த நான்கும் தப்பின. 2015-இல் இந்தச் செய்தியும் அதே 'நேச்சர்' பத்திரிகையில்தான் வந்தது. கேப்பனின் கட்டுரைக்கும் இதற்கும் நடுவே இருபத்தாறு வருஷம்.

வேறு வழியில் முயன்றவர்களும் உண்டு. நெடுங்காலம் வைரஸோடு போராடிய சில அபூர்வ நோயாளிகளின் உடம்பு, பல முகங்களையும் அடையாளம் கண்டுகொள்ளும் எதிர்ப்பொருளைத் தானே செய்துகொள்கிறது. 2010-இல் அப்படி ஒருவர் ரத்தத்திலிருந்து எடுத்ததுதான் வி.ஆர்.ஸி.01. அதை மட்டும் தனியே கொடுத்து, ஆப்பிரிக்காவிலும் அமெரிக்கக் கண்டங்களிலும் 4,600 பேருக்கு மேல் நடத்திய பரீட்சையின் முடிவு 2021-இல் வந்தது. மொத்தத்தில் வியாதி தடைபடவில்லை. மருந்துக்கு மசியக்கூடிய ரகங்கள் மட்டும் தடைபட்டன. ரத்தபீஜனுக்கு ஓர் ஆயுதம் போதாது என்று மறுபடி தெரிந்தது. இதற்குள் 2017-இலேயே, மூன்று வேறு எதிர்ப்பொருள்களின் கைகளை ஒரே உடம்பில் ஒட்டிய மருந்து ஒன்றை எட்டுக் குரங்குகளுக்குக் கொடுத்து, எட்டும் தப்பியதைக் கண்டிருந்தார்கள். ஒரு கை மட்டும் பெற்ற குரங்குகளில் பாதிக்கு மேல் தப்பவில்லை. 2018-இல் இபலிஸுமாப் என்ற எதிர்ப்பொருள் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது வைரஸைத் தேடிப் போவதில்லை, சி.டி.4 வாசலிலேயே உட்கார்ந்து காவல் காக்கிறது. மாத்திரைகள் பலிக்காமல் போன நோயாளிகளுக்கு இது மருந்து.

இ.சி.டி.4-ஐ.ஜி. இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை. குரங்கு தப்பியதால் மனிதன் தப்புவான் என்று சொல்லிவிட முடியாது. தசையே தயாரிக்கும் மருந்தை உடம்பு அந்நியன் என்று தள்ளிவிடலாம். ஆரம்பித்துவிட்ட தொழிற்சாலையை வேண்டாதபோது மூடுவது எப்படி என்ற கேள்வியும் இருக்கிறது. 1989-இன் ஆசையும் 1990-இன் பாடமும் தெரிந்தவர்கள் ஆகையால் இன்று யாரும் அவசரப்பட்டு ஜயபேரிகை கொட்டுவதில்லை. அது நல்லதுதான்.

ஆனால் ஒரு நாள் இது பலிக்குமானால், அன்று ஒரு கேள்வி எழும்: இது யாருக்குச் சொந்தம்? மில்ஸ்டைன் காலம் போய்விட்டது. இப்போது ஒட்டின் ஒவ்வொரு கணுவுக்கும் ஓர் உரிமப் பத்திரம் இருக்கிறது. எட்டானர்செப்ட் வந்தபோது ஏழைக்கு எட்டாத விலையில்தான் வந்தது. எத்தனையோ முடங்கிய விரல்கள் முடங்கியபடியே இருந்தன. மருந்தைக் கண்டுபிடிப்பதற்குப் பணம் வேண்டும், போட்டவன் லாபம் கேட்பான் என்பது வாஸ்தவம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தில் இன்னொரு பத்தி இருக்கிறது, அதில் யாரும் எழுதுவதில்லை. பொய் வாசல் ஏன் பலிக்கவில்லை என்று சொன்னது நோயாளிகளின் ரத்தம். பல முகங்களையும் பிடிக்கும் எதிர்ப்பொருளைத் தந்தது ஒரு நோயாளியின் ரத்தம். இந்தியாவைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது பெயர் தெரியாத ஆறு பெண்களின் ரத்தம். 1890-களில் கடன் கொடுத்தது குதிரை. நூறு வருஷத்துக்குப் பிறகு கடன் கொடுத்தது நோயாளி. குதிரை வட்டி கேட்காது. மனிதனும் கேட்க மாட்டான் என்று நினைத்துக்கொள்வது நியாயமல்ல.

டாக்டர் சுனிதி சாலமன் அந்தக் கடனை மறக்காதவர். அரசாங்கக் கல்லூரி வேலையை விட்டு, 1993-இல் சென்னையில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கென்று தம் தகப்பனாரின் பெயரில் ஒரு நிலையம் ஆரம்பித்தார். தொடுவதற்கு வைத்தியர்களே பயந்த காலத்தில் அவர்களைத் தொட்டுப் பார்த்து வைத்தியம் செய்தார். ஆராய்ச்சியும் நடத்தினார். 2015 ஜூலையில் அவர் காலமானார். நான்கு குரங்குகள் தப்பிய செய்தி வெளியானதும் அந்த வருஷம்தான்.

அந்த ஆறு பெண்களும் பிறகு என்ன ஆனார்கள் என்பதைச் சரித்திரம் எழுதி வைக்கவில்லை. அவர்களுக்கு அப்போது கொடுக்க ஒரு மாத்திரைகூட இந்த ஊரில் இல்லை. நாளைக்கு ஒட்டு மருந்து என்று ஒன்று வந்து, இதுதான் விலை என்று யாராவது சீட்டு ஒட்டும்போது, முதல் தவணை 1986-லேயே கட்டப்பட்டுவிட்டது என்று யாராவது ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும்.